கூந்தல் உலர்த்தும் வேலை வீட்டுக்கு வந்தது எப்படி?

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி மாறியது. சோப்பு, ஷாம்பு, தலைக்குத் தடவும் எண்ணெய் ஆகியவற்றுக்கு வரி குறைந்தது. அதே பட்டியலில் இன்னொரு சங்கதியும் இருந்தது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. பியூட்டி பார்லர், சலூன் ஆகியவற்றின் கட்டணத்துக்கு நூற்றுக்கு 18 ரூபாயாக இருந்த வரி, 5 ரூபாய் ஆயிற்று.

கூந்தலை உலர்த்தும் மின்சாரக் கருவி இருக்கிறதே, ஹேர் டிரையர், அதற்கு மட்டும் வரி குறையவில்லை. 2017-ல் அதற்கு 28 சதவீத வரி இருந்தது. 2018-ல் 18 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த 18 அப்படியே நின்றுவிட்டது.

பார்லருக்குப் போனால் 5! வீட்டில் செய்துகொள்ளக் கருவி வாங்கினால் 18! அப்படியானால் பார்லருக்குப் போவதுதான் லாபமா?

அவசரப்படக் கூடாது. ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வரவு உள்ள சிறிய பார்லர்கள் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யத் தேவையில்லை. தெருமுனைப் பார்லரில் முன்பும் அந்த வரி இல்லை, இப்போதும் இல்லை. பெரிய பார்லர்களின் கதை வேறு. தாங்கள் வாங்கும் ஷாம்புவுக்கும், நாற்காலிக்கும், கடை வாடகைக்கும் கொடுத்த வரியை, அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் முன்பு அவர்கள் கழித்துக்கொள்ள முடிந்தது. புதிய முறையில் அப்படிக் கழிக்க முடியாது. ஆகவே வரி 13 ரூபாய் குறைந்தால் பில்லும் 13 ரூபாய் குறையும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

வரியை விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பார்லரில் கூந்தல் உலர்த்தக் கொடுக்கும் பணம் எதற்கு? கருவிக்கா? காற்றுக்கா? கைக்கா?

மூன்றே பொருள்கள்

தலையை அலசுகிறார்கள். ஈரம் முழுவதும் காயுமுன்பே சூடான காற்றை அடிக்கிறார்கள். உருண்டையான பிரஷ்ஷில் கூந்தலைச் சுற்றி இழுக்கிறார்கள். அரை மணி நேரம் சென்று எழுந்து கண்ணாடியைப் பார்த்தால், கூந்தல் வழவழவென்று விழுகிறது. நுனி மட்டும் சற்று உள்ளே வளைந்து நிற்கிறது. இதற்குத்தான் ‘புளோ டிரை’ என்று பெயர். இதில் வெட்டு இல்லை. சாயம் இல்லை. மருந்து இல்லை. தண்ணீர், சூடு, கை ஆகிய மூன்றும்தான் வேலை செய்கின்றன.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர் ஒரு அகதிப் பெண். அவர் பெயர் ரோஸ் எவான்ஸ்கி. 1922-ல் ஜெர்மனியில் வோர்ம்ஸ் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் ஆட்கள் அவருடைய தந்தையை டாஹாவ் சிறை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். யூதக் குழந்தைகளைக் காப்பாற்ற இங்கிலாந்துக்கு அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தோடு அந்தப் பெண்ணும் லண்டன் வந்து சேர்ந்தார். சிகை அலங்காரத் தொழிலைக் கற்றார். பிற்பாடு சீமான்களும் சீமாட்டிகளும் நடமாடும் மேஃபேர் பகுதியில் சொந்தக் கடை வைத்தார்.

அந்நாளில் லண்டன் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஈரத் தலையில் உருளைகளைச் சுற்றுவார்கள். பெரிய பானையைக் கவிழ்த்தது போன்ற எந்திரத்துக்கு அடியில் நெடுநேரம் உட்காரவைப்பார்கள். பிறகு கூந்தலைப் பின்னோக்கிச் சீவி, உப்பச் செய்து, கலையாதபடி பசை தெளித்து அனுப்புவார்கள். 

1962-ம் ஆண்டு ரோஸ் அம்மையார் ஒரு தெருவழியே போனார். ஆண்களுக்கான முடிதிருத்தும் கடை ஒன்றில், கையில் பிடிக்கும் டிரையரையும் பிரஷ்ஷையும் வைத்து ஒரு ஆசாமிக்குத் தலையை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும், பெண்களுக்கும் இப்படிச் செய்தால் என்ன என்று தோன்றிற்று. தம் கடைக்கு வந்த வாடிக்கைப் பெண் ஒருவருக்குச் செய்து பார்த்தார். பேஷன் பத்திரிகையாளரான கிளேர் ரெண்டில்ஷாம் சீமாட்டி அதைக் கண்டார். பத்திரிகைகளுக்குச் செய்தி போயிற்று. உருளைகளின் காலம் முடியத் தொடங்கியது. ரோஸ் அம்மையார் 2016-ல், 94-ம் வயதில் காலமானார்.

கையில் பிடிக்கும் டிரையர் அவர் கண்டுபிடித்ததல்ல. அது பல ஆண்டுகளாகக் கடையில் விற்ற பொருள். அவர் சேர்த்தது, பிரஷ்ஷைச் சுழற்றும் கை வேலை. இதை மறந்துவிடக் கூடாது. இன்றைய வியாபாரம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

விற்றவர்கள், வாங்கியவர்கள்

அமெரிக்காவில் அல்லி வெப் என்ற பெண் வீடு வீடாகப் போய், கைக்குழந்தைக்காரர்களுக்குக் கூந்தல் உலர்த்திவிட்டுக்கொண்டிருந்தார். 2010-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ‘டிரைபார்’ என்று ஒரு கடை திறந்தார். அங்கே முடி வெட்ட மாட்டார்கள், சாயமும் போட மாட்டார்கள். உலர்த்துவது ஒன்றுதான் தொழில். கட்டணம் 35 டாலர். கடைகள் பெருகின. தண்ணீருக்கும் சூட்டுக்கும் கைக்கும் இத்தனை கிராக்கியா என்று வியாபார உலகம் திரும்பிப் பார்த்தது.

2019 டிசம்பரில் ஒரு அறிவிப்பு வந்தது. டிரைபார் பெயரில் விற்கும் டிரையர்கள், பிரஷ்கள், ஷாம்புகள் ஆகிய சரக்கு வியாபாரத்தை ஹெலன் ஆஃப் டிராய் என்ற கம்பெனி சுமார் 25½ கோடி டாலருக்கு வாங்குகிறது என்பதே அந்தச் செய்தி. இந்தக் கம்பெனி யார்? பிரஷ்ஷும் டிரையரும் ஒன்றாகச் சேர்ந்த கருவியை ரெவ்லான் என்ற பெயரில் வீடுகளுக்கு விற்றுவந்த கம்பெனிதான். கடைகளை அது வாங்கவில்லை. கடையின் பெயர்தான் அதற்கு வேண்டியிருந்தது. அந்தப் பெயர் ஒட்டிய கருவியைப் பெண்கள் வீட்டுக்கு வாங்கிப் போவார்கள் அல்லவா?

2020 ஜனவரியில் பத்திரம் முடிந்தது. இரண்டே மாதத்தில் கொரோனா வந்து, உலகமெங்கும் பார்லர்களை அடைத்தது!

தமிழ்நாட்டில் 2020 மார்ச் மாதம் மூடிய பார்லர்களும் சலூன்களும், சென்னையில் ஜூன் 1-ந் தேதிதான் மறுபடி திறந்தன. வருகிறவர்களின் பெயர், முகவரி, டெலிபோன் எண், ஆதார் எண் ஆகியவற்றை நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று அரசு உத்தரவும் வந்தது. தலைமுடிக்கு ஆதாரா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த மாதங்களில் முடி வெட்டுவது, சாயம் போடுவது, உலர்த்துவது எல்லாமே வீட்டுக்குள் வந்துவிட்டன. கணவன்மார்கள் மனைவியின் கையால் முடி வெட்டிக்கொண்டார்கள். போட்டோக்கள் இருக்கின்றன, மறைக்க முடியாது!

முடிக்குள் என்ன நடக்கிறது?

வீட்டில் செய்தால் ஏன் பார்லர் மாதிரி வருவதில்லை? இதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் விஞ்ஞானம் வேண்டும். பயப்பட வேண்டாம், இஸ்திரி போடத் தெரிந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

பருத்திப் புடவைக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிறார்கள். ஏன்? ஈரம் பட்டால் நூல் இளகுகிறது. சூட்டோடு அழுத்தினால், அழுத்திய வாக்கில் காய்ந்து நிற்கிறது. முடியும் அப்படித்தான். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதில் ஹைட்ரஜன் பிணைப்பு என்ற சின்னஞ்சிறு கொக்கிகள் கணக்கில்லாமல் இருக்கின்றன. தண்ணீர் பட்டால் அவை கழன்றுகொள்கின்றன. காயும்போது, முடி எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே மறுபடி மாட்டிக்கொள்கின்றன. 

எனவே கூந்தலுக்கு உருவம் வருவது எப்போது? ஈரம் போகும் அந்தச் சில விநாடிகளில்தான். அந்த நேரத்தில் முடி இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். முழுவதும் காய்ந்த தலையில் பிரஷ்ஷைப் போட்டு அரை மணி நேரம் மல்லுக்கு நின்றாலும் பயன் கொஞ்சம்தான். சொட்டச் சொட்ட ஈரத்தோடு தொடங்கினால் கைதான் வலிக்கும். 

நம் ஊரில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு கூந்தலை விரித்துச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் இருக்கிறது. அதுவும் இளஞ்சூட்டில் உலர்த்துவதே. கூந்தல் காயும், மணக்கும். ஆனால் உருவம் மாறாது. காரணம், அங்கே இழுத்துப் பிடிக்கும் வேலை இல்லை.

இன்னொன்று. காற்றில் உள்ள ஈரமும் அந்தக் கொக்கிகளைக் கழற்றும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காலையில் செய்தது மாலைக்குள் கலைவது இதனால்தான். பார்லர்காரர் மீது கோபப்பட்டுப் பயனில்லை.

மூன்றாவது கை

பார்லரில் வேலை செய்யும் பெண் பின்னால் நிற்கிறாள். தலை முழுவதும் அவள் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கையில் பிரஷ், மறு கையில் டிரையர். வீட்டிலோ, உலர்த்துகிறவளும் உட்கார்ந்திருப்பவளும் ஒருத்தியே. பின்னந்தலை தெரியாது. இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும். மீதிக் கூந்தலை ஒதுக்கிப் பிடிக்க மூன்றாவது கை ஒன்று வேண்டும்! 

அந்த மூன்றாவது கைதான் கிளிப். இரண்டு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் விற்ற சாதாரணச் சாமான். வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கூந்தல் முழுவதையும் ஒரே கொத்தாக வைத்துக்கொண்டு மேலாகக் காற்றடிக்கிறார்கள். மேலே காய்கிறது, உள்ளே ஈரம் நிற்கிறது. வெளியே கிளம்பி அரை மணி நேரத்தில் உள்ளே இருந்த ஈரம் மேலே வந்து எல்லாவற்றையும் சுருட்டிவிடுகிறது.

சரியான வழி இது. தலையை அலசியதும் துண்டால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. தலையில் அன்று எண்ணெய் இருந்தால் இந்த வேலையே வேண்டாம், நிற்காது. முதலில் பிரஷ் இல்லாமல், விரலால் கோதிக்கொண்டே, முக்கால் பங்குக்கு மேல் ஈரம் போகும்வரை காற்றடிக்கலாம். பிறகுதான் கூந்தலை நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் மாட்ட வேண்டும். பிடரியில் அடிவரிசையில் தொடங்கி மேலே வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிரஷ்ஷின் அகலத்துக்கு மேல் முடி எடுக்கக் கூடாது. வேரிலிருந்து நுனிவரை பிரஷ் இழுத்துக்கொண்டே போக, டிரையரின் மூக்கு அதன் பின்னாலேயே கீழ்நோக்கிப் போக வேண்டும். 

ஏன் கீழ்நோக்கி? முடியின் மேல்தோல், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. ஓடு மேல் ஓடாக, நுனியைப் பார்த்து அடுக்கியிருக்கிறது. மேலிருந்து காற்றடித்தால் ஓடுகள் படியும். வெளிச்சம் பட்டுப் பளபளக்கும். கீழிருந்து அடித்தால் ஓடுகள் தூக்கிக்கொள்ளும். பரட்டைதான் மிஞ்சும். டிரையரோடு ஒரு தட்டையான மூக்கு கொடுக்கிறார்களே, அதைப் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். காற்றை ஒரே இடத்தில் குவிப்பது அதுதான்.

கடைசியில் ஒரு காரியம். ஒவ்வொரு பாகமும் காய்ந்ததும், பிரஷ்ஷைக் கழற்றுமுன் குளிர்ந்த காற்று வரும் பொத்தானை அழுத்தி, பத்து விநாடி பொறுக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையைச் சூடாக இருக்கும்போதே மடித்து அமுக்கினால் கசங்கும் அல்லவா? அதே கணக்குதான். சூடு தணிந்த பிறகே வளைவு நிலைக்கிறது.

பின்னந்தலைக்கு வீட்டில் இன்னொருவர் உதவி செய்தால் வேலை பாதியாகிவிடும். அக்காள் தங்கைகள் உள்ள வீட்டில் இதற்குப் பஞ்சமில்லை.

சூடு கெடுதலா?

‘டிரையர் போட்டால் முடி கொட்டும், தானாகக் காயவிடுவதே நல்லது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை. 2011-ல் தென்கொரிய ஆராய்ச்சியாளர்கள் முடிக் கற்றைகளை 30 தடவை அலசி, வெவ்வேறு சூட்டில் உலர்த்திப் பார்த்தார்கள். 5 சென்டிமீட்டர் கிட்டே பிடித்து 95 டிகிரி சூட்டில் அடித்தபோது முடியின் மேல்தோல் மோசமாகக் கெட்டது. 15 சென்டிமீட்டர் தள்ளி, 47 டிகிரி சூட்டில், அசைத்துக்கொண்டே அடித்தபோது பாதிப்பு குறைவு. தானாகக் காயவிட்ட கற்றைகளிலும் ஒரு கோளாறு தெரிந்தது. நெடுநேரம் ஈரத்தில் ஊறியதால் உள்ளே செல்களை ஒட்டவைக்கும் பசை போன்ற பகுதி கெட்டிருந்தது! கற்றைகளில் செய்த பரிசோதனைதான், தலையில் செய்ததல்ல. என்றாலும் ஒரு சாண் தள்ளிப் பிடி, ஒரே இடத்தில் நிறுத்தாதே என்ற பாடம் கிடைக்கிறது.

விலையுயர்ந்த கருவி வாங்கினால் நல்லதா? 2016-ல் டைசன் கம்பெனி ஒரு டிரையரை வெளியிட்டது. அமெரிக்காவில் அதன் விலை 399 டாலர்! 600 மாதிரிகள் செய்து பார்த்தோம் என்று கம்பெனி பெருமைப்பட்டது. காற்று வேகம், சூடு எல்லை தாண்டாமல் கண்காணிக்கும் ஏற்பாடு, எடை கைப்பிடியில் இருப்பது ஆகிய சௌகரியங்கள் உண்மைதான். கை வலி குறையும். ஆனால் கூந்தலைப் பாகம் பிரிக்கவோ, இழுத்துப் பிடிக்கவோ எந்த மோட்டாருக்கும் தெரியாது. இரண்டு சூட்டு அளவும், குளிர்காற்றுப் பொத்தானும், தட்டை மூக்கும் உள்ள சாதாரணக் கருவி குடும்பத்துக்குப் போதும்.

மின்சாரச் செலவு பெரிதல்ல. 1500 வாட் கருவி 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட். ஆனால் பிளக்கைக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர். 1200 வாட் டிரையர் 5 ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும், சரி. 2000 வாட் டிரையர் 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும். அதைச் சின்ன பாயின்டில் மாட்டினால் பிளக் சூடேறி உருகும். கிரைண்டர், கீசர் மாட்டும் பெரிய பாயின்ட் வேண்டும். ஈரக் கையோடும், குளியலறைக்குள்ளும் கூடவே கூடாது.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் ஆசையாக ஒரு டிரையர் கொண்டுவருவார். அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த கருவியை இங்கே மாட்டினால் புகைதான் வரும். அடியில் ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டு மாட்ட வேண்டும்.

பார்லரின் பதில்

உலர்த்தும் வேலை வீட்டுக்குப் போய்விட்டால் பார்லர் என்ன செய்யும்? வீட்டில் செய்ய முடியாததை விற்கும். அதுதான் கெரட்டின் டிரீட்மென்ட், முடி நேராக்கும் சிகிச்சை என்ற பெயர்களில் நடக்கிறது. ‘தினம் டிரையர் எதற்கு? ஒரு தடவை செய்துகொண்டால் மாதக்கணக்கில் நிற்கும்’ என்கிறார்கள். பில் ஆயிரக்கணக்கில் போகிறது.

இங்கேதான் குடும்பங்கள் உஷாராக இருக்க வேண்டும். புளோ டிரையில் மருந்து கிடையாது. இதில் உண்டு. இப்படிப்பட்ட மருந்துகள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் இருக்கிறது, அல்லது சூடு பட்டதும் அது ஆவியாக வருகிறது. இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் அறிவித்தது. 2010-ல் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் பார்லர் தொழிலாளர்களுக்குக் கண் எரிச்சல், மூச்சுத் திணறல், மூக்கில் ரத்தம் என்று புகார் வந்தது. மருந்தைச் சோதித்தார்கள். ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று எழுதிய பாட்டிலில் அது நிறைய இருந்தது!

2022-ல் அமெரிக்க அரசு விஞ்ஞானிகள், 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் கவனித்த முடிவை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 4 தடவைக்கு மேல் முடி நேராக்கும் மருந்து போட்டவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் இரு மடங்குக்கு மேல் வந்தது. 70 வயதுக்குள் இந்நோய் வரும் வாய்ப்பு, போடாதவர்களுக்கு நூற்றுக்கு 1.64. அடிக்கடி போட்டவர்களுக்கு 4.05. எந்த மருந்து, எந்த ரசாயனம் என்று அந்த ஆராய்ச்சி பிரித்துப் பார்க்கவில்லை. மருந்துதான் காரணம் என்று அது தீர்ப்புச் சொல்லவும் இல்லை. ஆனாலும் அலட்சியம் செய்யும் எண் அல்ல அது.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இவற்றைத் தடை செய்ய யோசிப்பதாக 2023-ல் சொன்னது. 2024 ஏப்ரல் என்று குறித்த தேதி போயிற்று. பிறகும் தள்ளிப்போட்டார்கள். கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் காத்திருக்காமல், 2025 ஜனவரி முதல் அழகுப் பொருள்களில் ஃபார்மால்டிஹைடு சேர்க்கத் தடை போட்டுவிட்டன. அதற்குப் பதிலாகச் சில கம்பெனிகள் சேர்த்த கிளையாக்சிலிக் அமிலமும் நிம்மதி தரவில்லை. அதைத் தலையில் போட்டுக்கொண்ட 26 வயதுப் பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதித்ததாக 2024-ல் டாக்டர்கள் எழுதினார்கள்.

வாடிக்கைப் பெண் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை அந்தப் புகையைச் சுவாசிக்கிறாள். பார்லரில் வேலை செய்யும் பெண்ணோ, கதவு ஜன்னல் மூடிய ஏ.சி. அறையில், மாதச் சம்பளத்துக்கு நாள் முழுவதும் அதைச் சுவாசிக்கிறாள். அந்த மருந்தை வீட்டில் போட்டுக்கொள்ளும்படி சிறிய பாட்டில்களும் விற்பனைக்கு வருகின்றன. காற்றோட்டமில்லாத அறையில், குழந்தைகள் பக்கத்தில் விளையாட, அதைத் திறப்பது புத்திசாலித்தனமல்ல.

பார்லருக்குப் போகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்கலாம். பாட்டிலில் என்னென்ன சேர்ந்திருக்கிறது? ஜன்னலைத் திறந்து வைப்பீர்களா? பாட்டிலைக் காட்டத் தயங்கினால், ‘தண்ணீரும் டிரையரும் போதும் அம்மா’ என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம்.